கப்பல் இல்லாத வரிசை

குழந்தைவேலு: முப்பத்தொம்பது பேரு போட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி. போட்டுக் குடுத்தியன்னா நான் போயிட்டே இருப்பேன்.

கிரேசி: வாசல்ல நின்னுக்கிட்டே கையெழுத்து கேட்டா எப்படிண்ணே. உள்ள வாங்க.

குழந்தைவேலு: வேணாம். காலெல்லாம் மண்ணு.

கிரேசி: மீன்காரி வீட்டுக்கு மண்ணுக் கால் புதுசா? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. பால் இல்ல, லால் சாய் போடுறேன்.

குழந்தைவேலு: சாய் குடிக்க வரல. டூட்டியில வந்திருக்கேன்.

கிரேசி: டூட்டின்னா தொண்டை காயாதா... இந்த வாசலை மிதிச்சு இருபத்திரெண்டு நாளாச்சு. மீன் வாங்குறதையே விட்டாச்சு. உங்க வீட்டு ருக்கு அக்கா பஜார்ல என்னைக் கண்டா எதிர்ப்பக்கமா நடக்குறாங்க.

குழந்தைவேலு: அதெல்லாம் இப்ப எதுக்கு. பேப்பரைப் பிடி.

கிரேசி: மேல இங்கிலீஷு, கீழ ஹிந்தி. ரெண்டையும் எழுத்துக் கூட்டுறதுக்குள்ள விடிஞ்சிரும். நீங்களே படிச்சுச் சொல்லுங்க.

குழந்தைவேலு: 'திருமதி கிரேசி, கணவர் பெயர் மத்தியாஸ், தொழில் மீன் வியாபாரம், ரங்கத்.' சரிதானே?

கிரேசி: பதினஞ்சு வருசமா 'கிரேசி, சூரை இருக்கா'ன்னு கேட்ட வாயி. திருமதின்னு சொல்லும்போது கேக்க நல்லாத்தான் இருக்கு.

குழந்தைவேலு: குறுக்க பேசாத. 'சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை ஐந்து மணி முதல் பதினொரு மணி வரை, ரங்கத் பஸ் ஸ்டாண்ட் முனையில், நாற்பது பேர் சாலையில் அமர்ந்து வாகனங்களை மறித்து...'

கிரேசி: நாப்பது இல்ல, நூறு தேறும்.

குழந்தைவேலு: உன்னை யாரு கூட்டிச் சொல்லச் சொன்னா? வீடியோவுல மூஞ்சி தெரிஞ்சது நாப்பதுதான். அதோட விட்டாங்கன்னு சந்தோஷப்படு.

கிரேசி: சரி, மேல படிங்க.

குழந்தைவேலு: 'ஆகவே இனி ஒரு வருட காலத்துக்கு எந்த மறியலிலும், ஊர்வலத்திலும், கூட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று நன்னடத்தைப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.' இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். இல்லன்னா நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஜீப்பு வரும்.

கிரேசி: ஜீப்பு வந்து?

குழந்தைவேலு: மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்துவாங்க. அங்கயும் முடியாதுன்னா உள்ள போக வேண்டியதுதான். எத்தனை நாளோ, எனக்குத் தெரியாது.

கிரேசி: ஒரு வருசம் வாயத் தொறக்காம இருந்தா கப்பல் வருமா?

குழந்தைவேலு: கப்பல் வேற விஷயம். இது சட்டம் ஒழுங்கு.

கிரேசி: எனக்கு ரெண்டும் ஒரே விஷயம்ணே. பதினோரு மாசமா போர்ட் பிளேர் கப்பல் நின்னு கெடக்கு. மெஷின் கோளாறுன்னு மெயின்லேண்டுக்கு இழுத்துட்டுப் போனாங்க. டிக்கெட் கவுண்டர்ல 'மறு உத்தரவு வரை இல்லை'ன்னு போர்டு. முன்னயெல்லாம் காலைல பெட்டியைக் கப்பல்ல ஏத்துனா மத்தியானம் ஜங்லிகாட் மார்க்கெட்ல மீன் துள்ளாத குறையா இருக்கும். இப்ப ரோட்டுல போகணும். பாராடாங்ல ஃபெர்ரிக்குக் காத்துக் கெட, அப்புறம் காட்டுக்குள்ள வண்டிங்களைக் கூட்டமாச் சேத்து விடுற கான்வாய்க்குக் காத்துக் கெட. ஐஸ் உருகி, பெட்டிக்குள்ள தண்ணியும் நாத்தமும்தான் போய்ச் சேருது.

குழந்தைவேலு: அதுக்காக ரோட்டை மறிச்சு உக்காருவீங்களா? மனு குடுக்க வேண்டியதுதானே.

கிரேசி: குடுத்தோம்.

குழந்தைவேலு: யாருகிட்ட?

கிரேசி: உங்ககிட்ட. நாலு மனு. நாலுலயும் வட்டமா சீல் குத்தி, தேதி போட்டு, ஒரு காப்பியை என் கையில குடுத்தது நீங்கதான். மூணாவதுல உங்க டீ கிளாஸ் வட்டமும் விழுந்திருக்கு. எது சீலு எது கிளாஸுன்னு தெரியல.

குழந்தைவேலு: வாங்கி மேல அனுப்புறதுதான் கிளார்க்கு வேலை. அனுப்பினேன். ஒரு நாள் கூட தாமதிச்சதில்ல.

கிரேசி: உங்களைக் குறை சொல்லல. மேல போனது மேலயே நிக்குதுன்னுதான் சொல்றேன். பதினோரு மாசம் மனு குடுத்தோம், ஒரு ஈ காக்கா வரல. ஆறு மணி நேரம் ரோட்டுல உக்காந்தோம், மூணாம் நாள் போர்ட் பிளேர்லேந்து ஆபீஸர் வந்து கப்பல் நிக்கிற ஜெட்டியைச் சுத்திப் பாக்குறாரு. எது அவங்க காதுல விழும்னு எங்களுக்குக் கத்துக் குடுத்தது யாரு? நாங்களா?

குழந்தைவேலு: அவங்க காதுல விழணும்னு உக்காந்தீங்க. யாரு தலையில விழுந்துச்சு? சொல்லு. வாய் இவ்வளவு நேரம் நல்லாத்தானே ஓடுச்சு.

கிரேசி: தெரியும்ணே.

குழந்தைவேலு: என்ன தெரியும்? முந்தின நாள் சாயங்காலம்தான் சென்னைக் கப்பல்ல சௌமியாவுக்கு எடம் உறுதியாச்சு. விடிகாலைல முதல் பஸ்ல ஏத்தி விட்டேன். ஒரு மணிக்கு போர்ட் பிளேர், நாலு மணிக்குக் கப்பல். பஸ்ஸு பஸ் ஸ்டாண்டைத் தாண்டல. பதினொன்னுக்கு நீங்க எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டுப் போனீங்க. அவ போய்ச் சேரும்போது கப்பல் போயிருச்சு. அடுத்த கப்பல் பன்னெண்டு நாள் கழிச்சு. அதுக்குள்ள நர்சிங் கவுன்சலிங் முடிஞ்சு போச்சு. ஒரு வருசம் போச்சு கிரேசி. என் பொண்ணுக்கு ஒரு வருசம்.

கிரேசி: பிளைட்டு...

குழந்தைவேலு: பிளைட்டாம். நான் என்ன காண்ட்ராக்டரா?

கிரேசி: இல்ல. கேட்டிருக்கக் கூடாது.

குழந்தைவேலு: உனக்குப் போராட உரிமை இருக்குன்னு மைக்குல கத்தினீங்களே. அந்த உரிமைக்குள்ள என் பொண்ணோட சீட்டும் அடங்குதா? எனக்கு அதை மட்டும் சொல்லு.

கிரேசி: அடங்காது.

குழந்தைவேலு: என்ன?

கிரேசி: அடங்காதுன்னேன். ஆம்புலன்ஸு வந்துச்சு, விட்டோம். ஸ்கூல் பஸ் வந்துச்சு, விட்டோம். ஒவ்வொரு பஸ்ஸா ஏறி, நோயாளி யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டோம். கப்பலைப் பிடிக்கப் போறவங்க யாருன்னு கேக்கல. கப்பலுக்காக உக்காந்துக்கிட்டு அதைக் கேக்கத் தோணல பாருங்க.

குழந்தைவேலு: கேக்கத் தோணல. அவ்வளவுதான்?

கிரேசி: சாய் ஆறுது. எடுத்துக்குங்க.

குழந்தைவேலு: வேணாம்னு சொன்னேன்.

மத்தியாஸ்: ஏ கிரேசி... என் செருப்பு எங்க?

கிரேசி: கொல்லைப்புறத்துல பாருங்க.

மத்தியாஸ்: பாத்தாச்சு, இல்ல. படகுக்குப் போட்டுப் போற பழசும் இல்ல. வீட்டுல ஒரு செருப்புகூட இல்ல, என்ன கூத்து இது... யாரு, வேலு அண்ணனா? வாங்கண்ணே. எப்ப வந்தீங்க?

குழந்தைவேலு: இப்பதான் மத்தியாஸ். உன் செருப்பு நீலமா?

மத்தியாஸ்: ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?

குழந்தைவேலு: வலது கால் வார் அறுந்து, வலை நூலால தைச்சிருக்குமே.

மத்தியாஸ்: நானே தைச்சதுதான். ரோட்டுல கெடந்துச்சா?

கிரேசி: நீங்க போய்ப் படகைப் பாருங்க. வெறுங்காலோட போனா ஒண்ணும் தேஞ்சிர மாட்டீங்க.

மத்தியாஸ்: போறேன், போறேன். அண்ணே, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. கொடுவா இருக்கு.

குழந்தைவேலு: ...போயிட்டானா? சரி. இப்ப சொல்லு. கவுண்டர் முன்னால செருப்பு வெச்சது யாரு?

கிரேசி: எந்தச் செருப்பு?

குழந்தைவேலு: கிரேசி.

கிரேசி: நெஜமாத்தான் கேக்குறேன். பஜார் பக்கமே இன்னிக்கு நான் போகல.

குழந்தைவேலு: காலைல எட்டரைக்கு எங்க பெரிய ஆபீஸர் சாப் ஆபீஸுக்கு வராரு. மூடிக் கெடக்குற டிக்கெட் கவுண்டர்லேந்து ஆரம்பிச்சு, போஸ்ட் கம்பத்தைச் சுத்தி, நம்ம ஆபீஸ் கேட்டு வரைக்கும் ஒரே வரிசையா செருப்பு. ஒரு ஆள் இல்ல. இறங்கி நின்னு பாக்குறாரு. 'வேலு, யே க்யா ஹை?', இது என்னங்கிறாரு. 'லைன் சாப்'னேன்.

கிரேசி: நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க.

குழந்தைவேலு: வந்து நாலு மாசம்தான் ஆகுது அவருக்கு. மெயின்லேண்டுக்காரரு, பாவம், என்ன தெரியும். இங்க கப்பல் டிக்கெட்டுக்கு ஜனங்க முந்தின நாளே செருப்பை, பையை, கல்லை வெச்சு எடம் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாங்க, மறுநாள் வந்து அவங்கவங்க செருப்புல ஏறி நின்னுக்குவாங்கன்னு வெளக்கினேன். அடுத்தவன் செருப்பை யாரும் நகத்த மாட்டானான்னு கேட்டாரு. குடிகாரன்கூட நகத்த மாட்டான் சாப்னேன்.

கிரேசி: அது உண்மைதானே.

குழந்தைவேலு: 'கப்பலே இல்லையே, எதுக்கு லைன்?'ன்னாரு.

கிரேசி: என்ன சொன்னீங்க?

குழந்தைவேலு: கப்பல் இல்லாததாலதான் சாப் லைன் இவ்வளவு நீளம்னு... வாய் தவறி வந்துருச்சு.

கிரேசி: வாய் தவறி.

குழந்தைவேலு: சிரிக்காத. ஹவல்தாரைக் கூப்பிட்டு அள்ளிப் போடச் சொன்னாரு. அவன் இந்த ஊர்ப் பெங்காலி. தொட மாட்டேங்குறான். 'சாப், அஞ்சு பேரு கூடக் கூடாதுன்னு ஆர்டர். இங்க ஒரு பேருகூட இல்ல, நான் யாரைப் பிடிக்க?'ன்னு தலையைச் சொறியுறான்.

கிரேசி: நூத்தி நாப்பத்து நாலு போட்டது அவங்கதானே.

குழந்தைவேலு: அது இப்ப நூத்தி அறுபத்து மூணு. சட்டத்துல நம்பர் மாறிருச்சு.

கிரேசி: நம்பராவது மாறுச்சே.

குழந்தைவேலு: போராடவே கூடாதுன்னு யாரு சொன்னா? அதுக்குன்னு எடம் ஒதுக்கிக் குடுத்திருக்காங்கல்ல. மூணு நாள் முன்ன எழுதிக் குடுத்தா அம்பது பேருக்கு அனுமதி. பதினோரு மணியிலேந்து ஒரு மணி வரைக்கும்.

கிரேசி: பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி, பொட்டல்ல. மைக்கு கிடையாது. அங்க மாடு மேயுதுண்ணே. மாட்டுக்கு எதுக்குக் கப்பலு?

குழந்தைவேலு: அவரு பக்கத்தையும் யோசி. அன்னிக்கு பஸ்ல மாட்டினவங்க எழுதிக் குடுத்த கம்ப்ளெயிண்டு ஒரு கட்டு இருக்கு. 'இவங்களும் ஜனங்கதானே வேலு, இவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?'ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? அந்தக் கட்டுல மேல இருக்குறது என் கம்ப்ளெயிண்டு.

கிரேசி: நீங்களும் எழுதினீங்களா?

குழந்தைவேலு: மறுநாளே எழுதினேன். உன் பேரையும் போட்டு.

கிரேசி: ...சரி. போட வேண்டியதுதான்.

குழந்தைவேலு: கோவம் வரலையா?

கிரேசி: வருது. என்ன செய்ய, வர்ற எடத்துல உங்க பக்கமும் ஞாயம் நிக்குது. செருப்பை என்ன செஞ்சாங்க, அதைச் சொல்லுங்க.

குழந்தைவேலு: பறிமுதல். என்னை லிஸ்ட் போடச் சொன்னாரு. எந்த மாதிரிச் செருப்பு, என்ன நிறம், யாருதுன்னு தெரியுமா தெரியாதா. நாலரைக்கு லாரி வந்து அள்ளிட்டுப் போகும். செருப்பு வேணும்னா தீவுவாசின்னு குடுத்த இஸ்லாண்டர் கார்டோட வந்து, இது என்னோடதுன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்.

கிரேசி: கையெழுத்துப் போட்டா அடுத்த நிமிசம் கேஸு.

குழந்தைவேலு: அதை அவரு வாயால சொல்லல.

கிரேசி: ஒருத்தரும் வர மாட்டாங்க. ஊரே வெறுங்காலோட நடக்கும்.

குழந்தைவேலு: எத்தனை நாளைக்கு? லிஸ்ட்ல இருநூத்திப் பதிமூணு ஜோடி ஏறியிருக்கு.

கிரேசி: பன்னெண்டு.

குழந்தைவேலு: என்ன?

கிரேசி: ...இல்ல. ஒண்ணுமில்ல.

குழந்தைவேலு: பஜார் பக்கமே போகாதவளுக்கு எண்ணிக்கை எப்படித் தெரியும்?

கிரேசி: யாரோ சொன்னாங்க.

குழந்தைவேலு: யாரோ. வீட்டுல ஒரு செருப்பு இல்ல. தெரு பூரா வாசல் காலியாக் கெடக்கு. உள்ள நுழையும்போதே பாத்துட்டேன். நான் என்ன கண்ணு தெரியாதவனா?

கிரேசி: சரி, நான்தான். அள்ளிட்டுப் போங்க, என்னையும் சேத்து. பத்திரத்துல கையெழுத்துப் போட்ட முப்பத்தொம்பது பேரும் அழுதுட்டு வந்தாங்கண்ணே. புருசனுக்கு தினக்கூலி கவர்மெண்டு வேலை போயிரும், மவனுக்கு போலீஸ் சர்ட்டிபிகேட் கிடைக்காதுன்னு பயந்து போட்டாங்க. இனி ஒரு வருசம் எங்களால வர முடியாது கிரேசின்னாங்க. நீங்க வர வேணாம், உங்க செருப்பைக் குடுங்கன்னேன். செருப்பு வரக் கூடாதுன்னு பத்திரத்துல எழுதலையே.

குழந்தைவேலு: எல்லாத்தையும் நீயே கொண்டுபோய் வெச்சியா?

கிரேசி: இல்ல. அந்த முப்பத்தொம்பது பேரு மட்டுமில்ல, ஊரே ஒருத்தர் ஒருத்தரா வந்து வெச்சுட்டுப் போச்சு. அஞ்சு பேரு சேரக் கூடாதுல்ல. ஒரு பஸ்ஸு நிக்கல, ஒரு ஆட்டோ நிக்கல. ஒரு பிள்ளைக்குப் பரீட்சை போகல. யாரையும் காக்க வைக்காம நாங்க மட்டும் காத்திருக்கோம்னு காட்டணும்னு நெனச்சேன். அன்னிக்கு அதைத்தான் செஞ்சிருக்கணும். அப்பத் தோணல.

குழந்தைவேலு: இன்னிக்கு அள்ளிட்டா?

கிரேசி: நாளைக்குப் பை. அதையும் அள்ளுனா கல்லு. இந்தத் தீவுல கல்லுக்கா பஞ்சம்? அள்ள அள்ள வெப்போம். கப்பல் வர்ற அன்னிக்கு அவங்கவங்க கல்லுல ஏறி நின்னு டிக்கெட் வாங்குவோம்.

குழந்தைவேலு: நாளைக்கு நீ ஜீப்புல இருப்ப.

கிரேசி: இருந்துட்டுப் போறேன். என் எடத்துல என் செருப்பு நிக்கும்.

குழந்தைவேலு: அப்பக் கையெழுத்து?

கிரேசி: போட மாட்டேன்.

குழந்தைவேலு: நல்லா யோசிச்சுச் சொல்லு. மத்தியாஸை யாரு பாப்பா?

கிரேசி: அவருக்குச் சோறாக்கத் தெரியும். கொழம்புதான் கடல் தண்ணி மாதிரி இருக்கும், குடிச்சுட்டுக் கெடக்கட்டும். அண்ணே, இந்தப் பேப்பரைத் திருப்பிப் போடுங்க. பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு?

குழந்தைவேலு: எதுக்கு?

கிரேசி: நான் சொல்றதை எழுதுங்க. 'இனி நான் ரோட்டை மறிக்க மாட்டேன். எந்த பஸ்ஸையும் நிறுத்த மாட்டேன். இது நானா சொல்றது, யாருக்கும் பயந்து இல்ல. ஆனா வாயை மூடிக்கிட்டு வீட்டுல இருன்னா இருக்க மாட்டேன்.' அதுக்குக் கீழ கையெழுத்துப் போடுறேன்.

குழந்தைவேலு: இதுக்கெல்லாம் ஃபார்ம்ல எடம் கிடையாது. சாப் ஏத்துக்க மாட்டாரு.

கிரேசி: அவரு ஏத்துக்கணும்னு எழுதச் சொல்லல. சௌமியா படிக்கணும்னு எழுதச் சொல்றேன்.

குழந்தைவேலு: ...சொல்லு. மெதுவாச் சொல்லு.

கிரேசி: இன்னொண்ணும் இருக்கு. அதை எழுத வேணாம், கேட்டுக்கிட்டாப் போதும்.

குழந்தைவேலு: என்ன?

கிரேசி: அன்னிக்கு ஒரு ஒம்பது மணி இருக்கும். தூத்தல் போட்டுச்சு. பஸ்லேந்து ஒரு பொண்ணு எறங்கி எங்கிட்ட வந்துச்சு. தலையில துப்பட்டா. 'அத்தை, எனக்குக் கப்பல் இருக்கு, ஒரு பஸ்ஸை மட்டும் விடச் சொல்லுங்க'ன்னுச்சு. 'கொஞ்சம் பொறு தாயி, சாப் வந்துக்கிட்டே இருக்காரு'ன்னேன். கூட்டத்துல மூஞ்சியைப் பாக்கலன்னு இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாத்தேன்ணே. சௌமியான்னு தெரிஞ்சுதான் சொன்னேன். ஒரு பஸ்ஸை விட்டா அடுத்தவன் கேப்பான், எல்லாம் கலைஞ்சு போயிரும்னு... பதினோரு மாசம் கஷ்டப்பட்டு சேத்த கூட்டம். தெரிஞ்சே செஞ்சேன். திட்டுறதுன்னா திட்டுங்க. அடிச்சாலும் வாங்கிக்கிறேன்.

குழந்தைவேலு: தெரியும்.

கிரேசி: என்ன தெரியும்?

குழந்தைவேலு: அவ அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டா. நீ சொல்றியான்னு பாக்கத்தான் வந்தேன். நோட்டீஸ் குடுக்க பியூனை அனுப்பியிருக்கலாம்ல.

கிரேசி: ...அண்ணே.

குழந்தைவேலு: கோவம் இன்னும் இருக்கு. அது போகாது, போகணும்னு நீயும் எதிர்பாக்காத. இந்தா, எழுதியாச்சு. கையெழுத்தைப் போடு. தேதியும் போடு.

கிரேசி: போட்டாச்சு. லிஸ்ட் எழுதினீங்களே... வரிசையில முன்னாடி ஒரு வெள்ளை ஷூ இருந்துச்சே. அது யாருதுண்ணே? இருட்டோட போனேன், நான்தான் முதல் ஆளுன்னு நெனச்சேன். எனக்கு முன்னாடியே அது கவுண்டரைப் பாத்து நிக்குது. என் பச்சைச் செருப்பை அதுக்குப் பின்னாலதான் வெச்சேன்.

குழந்தைவேலு: நர்சிங் காலேஜுல வெள்ளை ஷூதான் போடணுமாம்.

கிரேசி: சௌமியாவோடதா?

குழந்தைவேலு: ஒரு நாள்கூட போடல. அடியில ஒட்டுன ஸ்டிக்கரைக் கூட கிழிக்கல. லிஸ்ட் எழுத முதல் ஜோடியைத் தூக்குறேன், கையில அது. சாப் பக்கத்துல நிக்கிறாரு. 'யாருது, தெரியுமா?'ங்கிறாரு.

கிரேசி: நீங்க என்ன சொன்னீங்க?

குழந்தைவேலு: தெரியாதுன்னு எழுதினேன். இருபத்தாறு வருச சர்வீஸ்ல கவர்மெண்டு பேப்பர்ல நான் எழுதின முதல் பொய். மத்தியானம் வீட்டுக்குப் போய், ஏண்டி, அவங்களாலதானே உன் படிப்பு போச்சு, அவங்களோட போய் லைன் போடுறியான்னு கேட்டேன். 'கப்பல் ஓடியிருந்தா அந்த பஸ்ல நான் ஏறியே இருக்க மாட்டேன்பா. நாலு மனுவுக்கும் நீதானே சீல் குத்துன, உனக்குத் தெரியாதா?'ன்னா. சாப்பிடாம எந்திரிச்சு வந்துட்டேன்.

கிரேசி: உக்காருங்க. சூடா வேற சாய் போடுறேன்.

குழந்தைவேலு: நாலரைக்கு லாரி. முதல்ல நான் போகணும்.

கிரேசி: வெயில் கொளுத்துது, தார் ரோடு அடுப்பு மாதிரி கெடக்கு. செருப்பைப் போட்டுக்கிட்டு... எங்கண்ணே உங்க செருப்பு? வாசல்ல காணோமே.

குழந்தைவேலு: நான் இருநூத்திப் பதிமூணுன்னப்ப நீ பன்னெண்டுன்னியே.

கிரேசி: ஆமா. இருநூத்திப் பன்னெண்டு. நானே எண்ணினேன்.

குழந்தைவேலு: சரியாத்தான் எண்ணியிருக்க. இருநூத்திப் பன்னெண்டு ஜோடிக்கும் 'உரிமையாளர் தெரியவில்லை'ன்னு எழுதி முடிச்சேன். மத்தியாஸோடது, உன்னோடது, என் பொண்ணோடது, எல்லாத்துக்கும். இருநூத்திப் பன்னெண்டு பொய்க்கு அடியில கையெழுத்துப் போடக் கை வரல கிரேசி, ஒரு உண்மையாவது இருக்கட்டும்னு என் செருப்பைக் கழட்டிக் கடைசியில வெச்சு, இருநூத்திப் பதிமூணாவதுக்கு நேரா என் பேரு, வேலை, குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் எழுதிட்டுத்தான் வந்தேன். நாளைக்கு ஜீப்பு உன்னை ஏத்திக்கிட்டு நேரா என் வாசலுக்குத்தான் வரும். அந்த ஆறுன சாயையே குடு, குடிச்சுட்டுப் போறேன்.